கொண்டை ஊசி

நாற்பத்தேழாவது முறையும்
வியர்த்துவிட்டது உதட்டுச் சாயம்.
நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டுப் பெட்டிக்குள்
வாய்ப்பாடு மறந்த பிள்ளைபோல
நெற்றியெல்லாம் முத்து முத்தாய் எண்ணெய்.

வெளியே வின்டர்தூரில் பனி.
ஓசிங்கன் தோட்டக்காரர்கள் ஒயின் பிழிந்து எறிந்த
திராட்சைக் கொட்டையில் எண்ணெய் எடுத்தோம்,
தோலில் நிறம்.
அந்த நிறம் ஒரு கோபக்காரி,
காரம் ஒரு சொட்டுக் கூடினால்
சிவந்த முகம் நீலமாகிவிடும்.

பாமாயில் வேண்டாம் என்றோம்.
மைக்கா வேண்டாம், மினுங்கும் பிளாஸ்டிக் தூள் வேண்டாம்.
வேண்டாம்களைக் கூட்டிப் பார்த்தால்
ஒரு குச்சி நிமிர்ந்து நிற்க என்ன மிச்சம்?
சூரியகாந்தி மெழுகு கொஞ்சம்,
மீதி பிடிவாதம்.

குப்பியை வடிவமைப்பவன் ரெட்டோ.
மூன்று மாதமாய் அவன் தேடியது ஓர் ஓசை.
மூடும்போது கேட்குமே, அந்த ‘டக்’.
காந்தத்தை எடுத்தோம், ஓசையும் போயிற்று.
ஓசையில்லாதது மலிவாம்,
விற்பனைப் பிரிவு உதட்டைப் பிதுக்கியது.
அழுத்திய காகிதக்கூழை வளைத்து, நறுக்கி,
காதருகே வைத்து வைத்து
ஒரு வெள்ளிக்கிழமை மாலை
பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் வரவைத்தான்.
பல்லி சொன்னால் என்ன பொருளென்று விளக்க
எனக்குப் பாதி ரயில் பயணம் ஆயிற்று.

அதற்கடுத்த வாரம்தான் வந்தது
திருமதி ஓடர்மாட் அனுப்பிய உறை.
பூசிப் பார்க்கக் கொடுத்த இருபது பேரில் ஒருவர்,
மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை.
மதிப்பெண் கட்டங்களை அவர் தொடவே இல்லை.
காலிக் குப்பி, கூடவே
வளைந்துபோன ஒரு கொண்டை ஊசி.
‘அடியில் இருப்பதை எடுக்க இது போதவில்லை.’

தராசில் வைத்தேன்.
எட்டில் ஒரு பங்கு
எந்த உதட்டையும் எட்டாமல் கிடந்தது.
எந்தத் தோட்டம், எத்தனை லிட்டர் நீர், எவ்வளவு புகை என்று
தசமப் புள்ளிவரை கணக்கு எழுதியவள்
இந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

ரெட்டோ ஊசியை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு பேசாமல்
அடித்தட்டின் வரைபடத்தை அழித்தான்.
‘பல்லி போய்விடுமே’ என்றேன்.
‘போகட்டும்.’

நாற்பத்தெட்டு இப்போது பெட்டிக்குள்.
கதவைத் திறக்க இன்னும் ஆறு நாள்.

ஊசி அவருடையது.
திருப்பி அனுப்ப வேண்டும்.
நிமிர்த்திப் பார்த்தேன்,
முழுதாய் நிமிரவில்லை.