சுவரைப் பார்த்த பக்கம்

திருவொற்றியூர் யார்டில் பதினெட்டு நீலப் பேரல்.
ஹாம்பர்க்கில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி
நம்ம உப்புக்காற்றில் வந்து இறங்கியவை.
ஃபோர்க்லிஃப்ட்டை அணைத்துவிட்டு தேசிங்கு
எழுத்துக் கூட்டினான்:
ஜி, ஐ, எஃப், டி.
"யாருக்குக்கா இத்தினி கிஃப்ட்டு?
பேரல் பேரலா வந்துகீது!"

மண்டையோடு சுவரைப் பார்த்த பக்கம் இருந்தது.

என் கையிலிருந்த தாளில்
அந்தச் சொல்லுக்கு நேரே விஷம் என்று போட்டிருந்தது.
ஜெர்மன்காரன் விஷத்தை அப்படித்தான் கூப்பிடுகிறான்.
தள்ளி நில்லு என்றேன்.
தேசிங்கு சிரித்தான், தள்ளியும் நின்றான்.

இதே சொல்லை இன்னொரு வாயிலும் கேட்டிருக்கிறேன்.
போன மார்கழியில், கையெழுத்து வாங்கக் கப்பலேறிய நாள்.
சுவீடன்காரன், இரண்டாம் எஞ்சினியர்,
கிரீஸ் படிந்த மோதிர விரலைத் தூக்கி
"யிஃப்ட்" என்றான்.
புரியவில்லை என்றதும் பில்லின் பின்பக்கம் எழுதினான்.
அதே நாலு எழுத்து.
கல்யாணமானவன் என்று அர்த்தமாம்.
விஷத்துக்கும் எங்கள் ஊரில் இதே சொல்தான் என்று
பேனாவை மூடிக்கொண்டே சிரித்தான்.
பிறகு மனைவியின் படத்தைக் காட்டினான்,
ரொம்ப நேரம்.

அன்றிரவு தேடிப் படித்தேன்.
மூன்றும் ஒரே வேர்.
அடியில் கிடப்பது கொடு என்ற ஒரு வினை.
பரிசு கொடு.
பெண்ணைக் கொடு.
வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடு.
இந்தக் கடைசிக் கொடுத்தல்
முதலில் வைத்தியர் கையில்தான் இருந்ததாம்,
அப்புறம் யார் யார் கைக்கோ போய்விட்டது.

அதிசயமாக இல்லை எனக்கு.

நவமணியை எர்ணாவூரில் கொடுத்தோம்.
"கொடுத்த இடம்" என்றே அப்பா அந்த வீட்டைச் சொல்வார்,
பெயர் சொல்லமாட்டார்.
மூன்றாம் வருஷம், ஸ்டான்லி வாசலில்,
ஸ்ட்ரெச்சருக்குக் கூடவே ஓடியபடி நான் கத்தினேன்:
"மருந்து குடிச்சிட்டா சார்!"
பயிற்சிக்கு வந்த வடக்கத்திப் பையன்,
தமிழுக்கு வயது இரண்டு மாதம்,
எழுதிக்கொண்டே கேட்டான்:
"மருந்து குடிச்சா நல்லதுதானே?
யார் கொடுத்தது?"

அப்பாவைப் பார்த்தேன்.
அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

மூத்த நர்ஸ் ஒருத்தி அவன் காதில் ஏதோ சொன்னாள்.
பேனாவைப் போட்டுவிட்டு ஓடினான் பாருங்கள்,
அப்படி ஒரு ஓட்டம்.
அந்த ஓட்டத்தில்தான் அவள் பிழைத்தாள்.
இப்போது மெட்ரோ கவுன்ட்டரில் உட்கார்ந்து
சில்லறையா கொடுங்க, சில்லறையா கொடுங்க என்கிறாள்
நாள் முழுக்க.

கொடைக்கும் கொடுமைக்கும் ஒரே வேர் இல்லை என்கிறார்கள்.
இருக்கட்டும்.
எழுத்தில் அடுத்தடுத்த வீடு.
தண்ணி லாரி வந்து நிற்கும் அவசரத்தில்
குடம் மாறிப்போவதும் உண்டு.

லேபிள் வரும்வரை சாக்பீஸில் எழுது என்றார் சூப்பர்வைசர்.
மருந்து என்று எழுத முடியாது.
பனி இறங்கிய தகரத்தில் அழுத்தி எழுதினேன்,
நஞ்சு.

தேசிங்கு எட்டிப் பார்த்தான்.
"நஞ்சா?
போன வியாழக்கிழமை ஆர்எஸ்ஆர்எம்ல
நர்ஸம்மா வெளிய வந்து இதத்தான்க்கா சொன்னாங்க.
நஞ்சு வந்துடுச்சு,
இனி பெரிய உசுருக்கு பயமில்லன்னு."

என்ன குழந்தை என்று கேட்டேன்.
பொண்ணு. மூணு கிலோ. முடி நிறைய.

சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.
வண்டியை எடு தேசிங்கு,
பேரலை மெல்லத் திருப்பு.
அந்த மண்டையோடு இந்தப் பக்கம் வரட்டும்.