தட்டச்சு செய்கிறார்

தை பிறந்து ஆறாம் நாள்,
புதுவயல் அரிசி ஆலை வாசலில்
அறுவடையின் முதல் நெல் லாரி
மைனஸ் ஒன்பது டன் எடையோடு நிற்பதாகப்
போன் வந்தபோது
இரவு மணி ஒன்பதே கால்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
எடைமேடைக்கும் ரசீதுக்கும் நடுவில் ஓடும் மென்பொருள்
எங்களுடையது.
லாரியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை,
எண்ணாக மட்டும் தெரியும்.

வயிரவன் எனக்குத் தனியே எழுதினான்:
அண்ணே, கழித்தலைத் தலைகீழாப் போட்டிருக்கு,
மாத்திட்டேன், வெளிய தெரிய வேணாம்.
நஸ்ரின் தனியே எழுதினாள்:
சார், தவிட்டு லாரி மைனஸ் காட்டுது,
திருப்பிப் போட்டுட்டேன்.
தேவகோட்டை வீட்டிலிருந்து அருள்சகாயம், அவனும் தனியே:
ஒரு சின்ன விஷயம். முடிச்சிட்டேன். காலையில பேசுவோம்.

ஒரே வரி.
ஒருவன் திருப்ப, ஒருத்தி திருப்ப,
மறுபடி ஒருவன் திருப்ப,
செய்திகளைப் படிக்கும் முன்னே
நான்காவதாகத் திருப்பியவன் நான்.
அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.
பதினொரு மணிக்கு லாரி
மீண்டும் மைனஸ் ஒன்பது டன்.

எங்களுக்கு ஒரு குழு இருந்தது, இல்லாமலில்லை.
பெயர் 'ஆலை'.
பிறந்தநாள் கேக், கிரிக்கெட் ஸ்கோர்,
சந்தை நெரிசலில் மாட்டிய பைக்கின் படம்,
காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள்.
வேலையைத் தவிர எல்லாம் இருந்தது.

மறுநாள் அதில் எழுதினேன்:
இனி எதுவானாலும் இங்கே.
தப்பும் இங்கே. சந்தேகமும் இங்கே.
முதல் தப்பு என்னுடையது, நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு.

நான்கு கட்டைவிரல்கள் வந்தன.
பிறகு ஒன்றுமில்லை.
கீழே மருந்துக் கடையில் யாரோ
இருமல் டானிக் கேட்கும் சத்தம்.

சிகப்பி தட்டச்சு செய்கிறார்…
சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை அவள்.
நின்றது.
தட்டச்சு செய்கிறார்…
நின்றது.
கதவோர மேஜையில்தான் இருந்தாள்.
திரும்பி, என்னம்மா என்று கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால்
ஒண்ணுமில்ல சார் என்றிருப்பாள்.

நாற்பது நிமிடம் கழித்து:
"அந்த வரி எதுக்குன்னே எனக்குப் புரியல."

எனக்கும், என்றான் வயிரவன்.
எனக்குந்தான், என்றாள் நஸ்ரின்.
உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், என்றான் அருள்சகாயம்,
யாரைச் சொன்னான் என்று விளங்கவில்லை.
எழுதியவர் கோயம்புத்தூர் போய் இரண்டு வருஷம்.
தெரியாத ஒன்றை
நான்கு பேர், நான்கு அறையில்,
தெரிந்தவர் போலத் திருத்தியிருக்கிறோம்.

எடைமேடையில் உட்காரும் பாண்டிச்செல்வியை
நஸ்ரின்தான் குழுவில் சேர்த்தாள்.
சேர்ந்த ஐந்தாம் நிமிடம்
இரண்டு லாரிப் படம், ஒரு குரல் செய்தி,
பின்னால் ஆலை இரைச்சல்:
"நெல்லு வண்டி நெறஞ்சு வந்து காலியாப் போகும்.
தவிட்டு வண்டி காலியா வந்து நெறஞ்சு போகும்.
இதுல என்னங்க கொழப்பம்?"

அந்த இரவில் திருப்பிய எல்லோரும் சரி,
அவரவர் பார்த்த லாரிக்கு.

மாலைக்குள் அந்த வரி
வந்தது எந்த வண்டி என்று கேட்டுக்கொண்டு கழித்தது.
எழுதியது சிகப்பி.
பாண்டிச்செல்வி ஒரு ரசீதைப் படமெடுத்துப் போட்டாள்,
ஒன்பது டன், மைனஸ் இல்லை,
ஓரத்தில் டீக்கறை.

இதெல்லாம் ஆகி ஒரு மாதம்.
ரோஜாக்கள் இன்னும் வருகின்றன, வரட்டும்.
நேற்று இரவும் வயிரவன் தனியே எழுதினான்:
அண்ணே, ஒரு சின்ன விஷயம்.
பார்த்தேன். பதில் போடவில்லை.
நீல டிக்கைப் பார்த்திருப்பான்.

இப்போது குழுவில்
வயிரவன் தட்டச்சு செய்கிறார்…
நிற்கிறது.
தட்டச்சு செய்கிறார்…
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.