பெயரட்டை

உட்துறைமுக வீதி மண்டபத்தில்
நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடு.
சுகிர்தமலர் என்ற என்னைச்
சுகிர்தமார் என்று அச்சடித்திருந்தார்கள்.
திருத்தச் சொல்லக் கூச்சம்.

தேத்தண்ணி நேரம்
எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது.
வடையோடு நின்று துறைமுகத்தைப் பார்த்தேன்.
அதற்கும் வேறு வேலை இருந்தது.

"புதுசா வந்த ஆக்கள் எழும்பி
உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

ஒன்பது வருசம் கூண்டருகே நின்று
'நான் வெட்டவில்லை' என்றிருக்கிறேன்,
'நான்தான் எடுத்தேன் ஐயா' என்றும்.
ஒருமுறை
'இந்தச் சேட்டு என் மகனுடையது'.

ஒலிவாங்கி கைக்கு வந்தது.
நான், என்றேன்.
பிறகு பழக்கதோஷத்தில்
யாராவது பேசட்டும் என்று காத்திருந்தேன்.

பின்வரிசையில் மூதூர்க் கோட்டு றிஸ்மியா மட்டும்
விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானம் வாசலில் மானொன்று
என் நிகழ்ச்சிநிரலை இழுத்துத் தின்றது.
"சுகிர்தமார், சோறு முடியுது, வாங்க!"
திரும்பினேன்.