ஞாயிற்றுக்கிழமை எண்கள்

சனிக்கிழமை போன விசைப்படகுகள்
ஞாயிறு காலை கரைக்கு வந்துவிடும்.
அடுத்த டோக்கன் திங்கள்தான்.
நடுவில் கிடப்பது ஒரே ஒரு ராத்திரி.
அன்றைக்குத்தான் பாம்பன் சங்கக் கூடத்தில்
தம்போலா.

சீட்டு பத்து ரூபாய்.
பாதி, ஜெயிக்கிற ஆளுக்கு.
பாதி, பிள்ளைகள் டான்ஸுக்கு:
ராமநாதபுரத்திலிருந்து வரும் மாஸ்டரின் பஸ் காசு,
ஸ்பீக்கர் வாடகை,
மலிவாய்க் கிடைத்ததென்று
பதினாலு பேருக்கும் ஒரே அளவில் வாங்கிவிட்ட
கறுப்பு ஷூவுக்கு இன்னும் அடையாத பாக்கி.

எண் எடுப்பது நான்.
தொண்ணூறு சோடா மூடி பொறுக்கி
உள்பக்கம் நகப்பூச்சால் எழுதியதும் நான்தான்.
பை, முன்னொரு காலத்தில் இறால் தீவனச் சாக்கு.
எத்தனை துவைத்தும் வாசம் போகவில்லை.

"கவுந்த தூண்டில், ஏழு!"
"ரெண்டு பாய்மரம், பதினொன்னு!"
"முடிச்சு மேல முடிச்சு, எண்பத்தெட்டு!"
"வயித்தைக் கட்டு, அறுபத்தொன்னு!"
இதற்குக் கூடம் சிரிக்கும்.
தடைக்காலத்தில் மட்டும்
அறுபத்தொன்றை வெறும் எண்ணாகச் சொல்லிவிட்டு
அடுத்ததற்குப் போய்விடுவேன்.

"ஒனக்குத்தான் ஆடுற பிள்ளை இல்லையே பிரகாசி,
ஒனக்கென்ன வந்துச்சு?"
சீட்டு கிழித்துக்கொண்டே கேட்டாள் நம்புவள்ளி.
எல்லாம் நம்ம பிள்ளைகதானே என்றேன்.
பொய் இல்லை. முழுசும் இல்லை.
பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் நின்று
படகு பேரும் பார் கணக்கும் கத்துகிறேன்.
கிரஷர் சத்தத்தில் ஒரு தலை நிமிராது.
இங்கே நூற்றிருபது பென்சில்
என் வாயைப் பார்த்துக்கொண்டு
மூச்சு விடாமல் நிற்கிறது.
அதை எப்படிச் சொல்ல அவளிடம்?

போன வாரம்
நண்டுக் கம்பெனி எமரிக்கு
ஒரே ஒரு எண் பாக்கி.
"நாப்பத்தேழு, நாப்பத்தேழு" என்று
முதல் வரிசையில் உட்கார்ந்து முணுமுணுக்கிறாள்.
நண்டு ஓடு கிழித்த விரல்களில்
மூன்றில் பிளாஸ்திரி.

நாற்பத்தேழின் விளிம்பு
ஓப்பனர் பட்டு நெளிந்தது.
எனக்கு மட்டும் தெரியும்.
பைக்குள் கை விட்டதும்
முதலில் பட்டது அதுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
யாரோ இருமினார்கள்.
பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது.
விரலை நகர்த்தினேன்.
தட்டையாக ஒன்றை எடுத்தேன்.
"பத்தொம்பது."
பேர் வைக்கத் தோன்றவில்லை.

"ஹவுஸ்!" என்றார் கடைசி பெஞ்சில்
உச்சிப்புளி லாரிக்காரர் கோட்டைச்சாமி.
டயர் பஞ்சராகி நின்ற நேரத்தில்
பொழுது போகட்டுமென்று ஒரு சீட்டு வாங்கியவர்.
அறுநூறை இரண்டு தரம் எண்ணி
சட்டைப் பையில் செருகிக்கொண்டு
டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எமரி ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலிகளை அடுக்க உதவினாள்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.

வீட்டுக்கு வந்து கொறடால்
அந்த விளிம்பைத் தட்டி நேராக்கினேன்.
இனி எனக்கும் தெரியாது.
நல்லது செய்தேனா,
கையைக் கழுவினேனா,
தூக்கம் வரும்வரை பிடிபடவில்லை.

புதன்கிழமை. படகெல்லாம் போன வெற்றுத் துறை.
கூடத்தில் மாஸ்டர் கை தட்டுகிறார்:
"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!"
"ஒன்னுலேர்ந்து நாலு எங்க சார் போச்சு?"
எமரியின் மகள் ரெனிஷாதான் கேட்டாள்.
அவர் சிரித்தார். பதில் இல்லை.

அவளுக்கு ஷூ பெரிசு.
ஆடும்போது கழன்றுவிடாமலிருக்க
முன்பக்கம் காகிதம் திணித்திருக்கிறாள்.
குனிந்து பார்த்தேன்,
போன வாரத்துச் சீட்டுகள்.
பென்சில் கோடு விழுந்ததும் விழாததுமாய்க்
கசங்கி,
குதிக்கிற ஒவ்வொரு தரமும்
பெருவிரலுக்கு அடியில்
இன்னும் கொஞ்சம் கசங்கி.
நாற்பத்தேழு
இடது காலிலோ, வலது காலிலோ.