இருபத்தெட்டாம் நாள்

கோட்டைக்கல்லாற்றுப் பால வேலையில்
எங்கள் இருவருக்கும் தகர அறை ஒன்று.
கொங்கிரீட் கட்டிகள் தொட்டித் தண்ணீருக்குள் கிடக்கும்.
ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று
தூக்கி, துடைத்து, மெஷினுக்குள் வைப்பேன்.
ஊசி ஏறும். யாலின் மூச்சைப் பிடிப்பாள்.
டப்.
கொப்பியில் எழுதுவாள்: பிரேக்.

அந்தச் சொல்லோடுதான் அவளுக்கு வழக்கு.

பத்து மணிக்கு ஃபோர்மன் கத்தினார், பிரேக்!
எது உடைந்ததென்று ஓடிப்போய் மெஷினைப் பார்த்தாள்.
நாங்கள் பிளேன்டியோடு நின்றோம்.
ஹில்மியின் டிப்பருக்கு பிரேக் இல்லையாம் என்றபோது
பாவம், அவரும் குடிக்கட்டுமே என்றாள்.
கம்பியால் மணலில் எழுதிக் காட்டினேன்:
எழுத்து இரண்டு, காதுக்கு ஒன்று.

தன் ஊர்ச் சொற்களை மேசையில் பரப்பினாள்.
கம்புக்கு துவான், சட்டைக்கு போ,
கண்ணாடிக்கு ஸ்வெய்.
நானும் விட்டேனா?
தடி முறியும், நூல் அறும், சட்டி உடையும்,
சீலை கிழியும், முருங்கைக் கொப்பு
தொட்டாலே ஒடியும்.
எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு
வெள்ளைக்காரன்மேல் கோபம் வந்தது.
இத்தனைக்கும் ஒரே சுத்தியலா?

நோன்பு மாதம்.
ஃபாஸ்ட் பிரேக் பண்ண ஹில்மிக்கு நேரம் கொடுங்கள்
என்றார் எஞ்சினியர்.
காலைச் சாப்பாடு என்று எழுதியிருந்தாள்;
வெளியே பார்த்தால் பொழுது சாய்கிறது.
பேரீச்சம்பழம் நீட்டினான் ஹில்மி.
'நாங்க உடைக்கிறல்ல தங்கச்சி, திறக்கிற.
நோன்பு திறக்கிற.'
கொட்டையை வாய்க்குள் உருட்டியபடி
வெகுநேரம் இருந்தாள்.

மறுகா மார்கழி மழை.
வாவி ரோட்டுக்கு ஏறிவிட்டது.
மண்திட்டை வெட்டி ஆற்றுவாய் திறந்தார்கள்,
ஊரே மழைக்குள் நின்று பார்த்தது,
கலங்கல் தண்ணீர் கடலுக்குள் பாய்வதை.
அவளுடைய அறிக்கையில்: ரிவர் பிரேக்.
திருத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டு
தானே கேட்டாள்,
'இதுவும் திறக்கிறதா?'
ஓம், இதுவும்.

தையில் எனக்கு ஃபோன் வந்தது.
களுதாவளை வீட்டார். காரணம் சொல்லவில்லை.
சம்பந்தம் குழம்பிட்டு என்றாள் மாமி.
எங்களுக்குக் கலியாணம் உடையாது,
கிழியாது, அறாது.
குழம்பும், வாவி மாதிரி.
இதை நான் எந்த இங்கிலீசில் சொல்ல?
என் முகத்தைப் பார்த்தாள்.
'பிரேக்?'
'ஓம். பிரேக்.'
அந்த ஏழைச் சொல்
அன்றைக்கு மட்டும் போதுமாக இருந்தது.
விளக்கம் கேட்கவில்லை அது.

கையுறையைக் கழற்றிவிட்டு
தங்களூரில் இதற்கு என்ன பெயரென்று சொன்னாள்.
ஹுவாங் லெ.
மஞ்சளாகிப் போயிற்று.

மஞ்சளா?
சிரிப்பு வந்தது எனக்கு, நிறுத்த முடியாத சிரிப்பு.
வீட்டு முன்னறையில்
மூலைக்கு மூலை மஞ்சள் தடவி
அம்மா அடுக்கி வைத்த நூற்றைம்பது கார்ட்.
அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
சிரித்து முடியுமட்டும்
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு ஆறாம் தூணுக்கு இருபத்தெட்டாம் நாள்.
கட்டியை வைத்தேன். ஊசி ஏறியது, ஏறியது,
நாற்பத்தொன்று தாண்டி
டப்.
நாலு பக்கமும் கழன்று விழ
இடை சிறுத்து உடுக்குப்போல
நடுவில் நின்றது மிச்சம்.
அப்படித்தான் உடைய வேண்டும், நல்ல கட்டி.
குட் பிரேக், எழுதிக் கோடிட்டாள்.

தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு
அடுத்ததைத் துடைக்கத் தொடங்கினேன்.
வெளியே ஃபோர்மன் கத்துவது கேட்டது.
எந்த பிரேக் என்று
இரண்டு பேரும் எழும்பிப் பார்க்கவில்லை.