குறிப்புகள் என்றொரு கட்டம்

டேனரி ரோடு, பள்ளி மைதானம்,
அரசு வேலைவாய்ப்பு மேளா.
இரண்டு நாளைக்கு, நாளுக்கு அறுநூறு ரூபாய்,
மதியம் பொட்டலத்தில் புளியோதரை,
'எஸ்' எழுத்தை இரண்டுமுறை அழுத்தவேண்டிய ஒரு லேப்டாப்.
எனக்குக் கிடைத்த வேலை
மற்றவர்களுக்கு வேலை இல்லை என்று பதிவது.

பெயர். வயது. படிப்பு. பின்கோடு.
தற்போது வேலை உண்டா?
கட்டத்தைத் தட்டினால் இரண்டு பதில் இறங்கும்:
உண்டு.
இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் மூன்றாவதைச் சொன்னார்கள்.
"முகூர்த்த நாள்ல உண்டு" என்றார்
பந்தி பரிமாறும் அருளப்பன்.
"மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னா உண்டு,
அவங்க பாத்திரம் தேய்க்கிற வீட்டுக்கு நான் போவேன்"
என்றாள் ஜபீனா.
ஃபிட்டர் படித்த செல்வின்
சான்றிதழை உறையிலிருந்து எடுக்கவே மறுத்தான்.
"அப்படியே பாருங்க மேடம், மடிப்புல கிழிஞ்சிருக்கு."
வேலை?
"போன் வந்தா உண்டு."

கடைசிக் கட்டம் 'குறிப்புகள்'.
நாற்பது எழுத்துதான் பிடிக்கும்.
முகூர்த்தத்தையும் மாமியாரையும் வராத போனையும்
நசுக்கி நசுக்கி அதில் அடைத்தேன்.
"பேகா, பேகா" என்றார் பின்னால் நின்ற அதிகாரி.
கெட்டவர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாதவர்.
தன் நாற்காலியை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு
நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.
வரிசை மசூதிச் சுவரைத் தாண்டியிருந்தது.
எதிர் ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம்
ஐந்து ரூபாய் ஆகியிருந்தது.

மந்திரி பதினொன்றரைக்கு வந்தார்.
இந்த வட்டாரத்தில் வேலையில்லாத வீடே
இருக்கக் கூடாது என்றார்.
கைதட்டல்.
பலமாகத் தட்டியவர்கள் நாற்காலி போட்ட பையன்கள்.
மாதம் மூன்று மேளா நடந்தால்
அவர்களுக்கு வாடகை கட்டிவிடும்.

நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஏர்போர்ட்டில் தள்ளுவண்டி அடுக்க ஏழு பேர்,
தையல் பயிற்சிக்கு, உதவித்தொகையோடு, பதினான்கு பேர்.
காகிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு போன ஒருத்தியை
நானே பார்த்தேன்.

சாயந்திரம் அதிகாரி என் அருகில் குனிந்தார்.
மேலிடத்துப் படிவத்தில் குறிப்புகள் என்றொரு கட்டமே இல்லை.
ஒரு சொடுக்கு.
அறுநூற்றுச் சொச்சம் பேருடைய மூன்றாவது பதில்
திரையிலிருந்து போயிற்று.

இன்னொன்று அவருக்குத் தெரியாது.
ரீசார்ஜ் முடிந்தவர்கள்,
வீட்டின் ஒரே போனைப் புருஷன் எடுத்துப்போனவர்கள்
என ஒன்பது பேர்.
எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
என் எண்ணைப் போட்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள், ரேஷன் வரிசையில் நிற்கிறேன்.
"ஜபீனாவா பேசறது?"
ஒயிட்ஃபீல்டு. ராத்திரி ஷிப்ட்.
ஆறு மாடி, தரை துடைக்க, நாளையிலிருந்து.

ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு ஆமாம் என்றேன்.
சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.
பதின்மூன்றாயிரம், பிடித்தம் போகப் பதினொன்று.
விடியற்காலை திரும்பிவர வண்டி உண்டா என்று கேட்டேன்.
நான்தான் போகப்போகிறேன் என்பதுபோல
அதையும் கேட்டேன்.
"கம்பெனி யோசிக்குது" என்றது குரல்.

எனக்கு முன்னால் நாலே பேர்தான்.
வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

அவள் வயது தெரியும், படிப்பு தெரியும், பின்கோடு தெரியும்.
வீடு எதுவென்று படிவம் கேட்கவில்லை.
சந்தில் நுழைந்து கதவு கதவாகக் கேட்டேன்:
"மாமியாருக்கு ஒடம்பு சரியில்லாத ஜபீனா வீடு எது?"
"இங்க எந்த மாமியாருக்கு ஒடம்பு சரியா இருக்கு?"
துணி அலசிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.
சிரித்தபடியே ஈரக் கையை நீட்டினாள்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீலக் கதவு.

நீலக் கதவு பூட்டியிருந்தது.
உள்ளே யாரோ இருமினார்கள்.

அப்படியென்றால், இன்றைக்கு:
உண்டு.