காரணம் என்ற நிரல்

என் அறையில் ஒரு பதிவேடு.
மட்டை பிய்ந்து, பிளாஸ்டர் ஒட்டி,
அதுவும் சிகிச்சையில்தான் இருக்கிறது.
பெயர், வயது, ஊர், காரணம்.
எனக்கு முன் இருந்தவரின் கையெழுத்தில்
பக்கம் பக்கமாக
மிதிவெடி. மிதிவெடி. செல். மிதிவெடி.
பிறகு மேற்படிக்கு
இரண்டு சின்னக் கோடுகள்.
கை உளைந்திருக்கும் அவருக்கு.

என் கையெழுத்தில் வேறு சொற்கள்.
சலரோகம். பாரிசவாதம். மோட்டார் சைக்கிள்.
குளியலறையில் விழுந்தது.
நாரிநோ, காரணம் தெரியாது.
பதினேழு வயது, கழுத்து நோ,
மூன்று ரியூஷன், ஒரு போன்.

பாஷையூர் அருளப்புவுக்கு
முழங்காலுக்குக் கீழே இல்லை.
சீனி தின்ற கால்.
பஸ்ஸில் இடம்விட்டு எழும்பிய பெடியன்
"செல்லோ அண்ணை?" என்று கேட்க
"ஓம்" என்றாராம்.
பொய்க்கால் பட்டியை இறுக்கியபடி
நிலத்தைப் பார்த்துச் சொன்னார்:
"சீனி எண்டால்
ஒருத்தரும் எழும்ப மாட்டினம், பிள்ளை."
சிரித்துவிட்டேன்.
பின்னேரம் வரைக்கும்
அந்தச் சிரிப்பு தொண்டையில் கிடந்தது.

தவமலர் வந்தது முழங்கால் நோவுக்கு.
பழக்கத்தில்
பொய்க்காலைக் கழற்றச் சொன்னேன்.
"அது சுகமாத்தான் இருக்கு" என்றா.
"பதினெட்டு வருசமா
வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் பார்க்கினம்.
படம் எடுத்தவையும் அதைத்தான் எடுத்தவை.
மற்றதைப் பாருங்கோ.
ரெண்டு காலின்ரை வேலையும் செய்தது இதுதான்."
வீங்கியிருந்த நல்ல முழங்காலை
உள்ளங்கையில் வைத்து மடித்தேன்.
உள்ளே மணல் அரைபட்டது.
சண்டை முடிந்துவிட்டது என்றுதான்
நாங்கள் எல்லாரும் இருந்தோம்.
அது இப்போதுதான்
நல்ல காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கொக்குவிலில் குகநேசன்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
இடப்பக்கம் இழுத்து ஏழு கிழமை.
கனடாவில் இருந்து பிள்ளைகள் பூட்டுவித்த கமரா ஐந்து:
படலைக்கு, ஹோலுக்கு, குசினிக்கு, கட்டிலுக்கு,
ஐந்தாவது எதற்கென்று அவருக்கே தெரியாது.
கக்கூசுக்கு இறங்க மூன்று படி.
பிடிக்க ஒரு கம்பி இல்லை.
கட்டில் கமராவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்:
"அப்பா விழுறதைப் பார்க்க
அஞ்சு வழி வைச்சிருக்கிறியள்.
விழாமல் இருக்க ஒண்டு வையுங்கோ."
சிவப்புப் புள்ளி சிமிட்டியது.
அங்கே நடுச்சாமம்.
கொஞ்சம் பொறுத்து மகளின் குரல்:
"எவ்வளவு நீளம் வேணும், அக்கா?"
நான் யோசிக்க முன்னமே
குழறிய நாக்கால் அவர் சொன்னார்,
கண்ணால் அளந்து:
"நாலடி ரெண்டங்குலம்."
சுருள்நாடா பிடித்துப் பார்த்தேன்.
நாலடி ரெண்டங்குலம்.

அன்று பதிவேட்டில்
பென்சிலால் ஒரு நிரல் கீறினேன்:
கக்கூசுக்கு எத்தனை படி.
கணக்காய்வுக்கு வந்தவர்
"இது படிவத்தில் இல்லையே" என்றார்.
ஓம், இல்லைத்தான்.
அழிறப்பரை நீட்டினார்.
நன்றி சொல்லி வாங்கி
லாச்சிக்குள் போட்டேன்.

இப்போது புதன் விடிய
பாஷையூர் ஏல மண்டபத்தடிக்கு
ஸ்கூட்டியில் போகிறேன்.
கட்டில் இல்லை, திரை இல்லை,
கவிழ்த்த ஐஸ்பெட்டி ஒன்று.
அருளப்பு கூப்பிடுகிறார்:
"கால் இருக்கிற ஆக்கள்
முன்னுக்கு வாங்கோ!"
தயங்கியவர்களுக்குச் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி
"இது செல்லில்லையடா" என்கிறார்.
பிறகு சொல்ல வேண்டியதை
மெதுவாகச் சொல்கிறார்.

என் கையில் ஒரு பிடி,
பிடியின் நுனியில் நைலோன் இழை.
அவர்களுக்குச் சிரிப்பு.
"அட, தங்கூசி!"
கண்ணை மூடுங்கோ,
தொடேக்கை 'ஓம்' எண்டு சொல்லுங்கோ.

மரியநேசன், நாற்பத்தொன்று.
உப்பில் வெடித்த பாதம்.
பெருவிரல் நுனி, சின்னவிரல் நுனி,
விரலடி, ஓரம், நடுப்பாதம்.
ஒவ்வோர் இடத்திலும்
இழை வில்லாக வளைந்து நிமிர்கிறது.
அவர் கண் மூடி
பொறுமையாக இருக்கிறார்.
ஏலக்காரன் தொண்டையைச் செருமுகிறான்.
பத்தாவது இடத்தில்
நான் கையை எடுக்கும்போது,

"தொடங்குங்கோவன், மிஸ்" என்கிறார்.